ஏழாம் பொருள்: கடைசிப் பேருந்து

கோசோல் மாவட்டத்தில் இளைஞர் என்றால் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் விதியே போட்டு வைத்திருந்தது. பத்தொன்பது வயது நிறைந்து நாற்பத்தொன்பது வயது முடியாத எவரும் இளைஞர். முதலில் முப்பத்தொன்பது என்றுதான் இருந்தது. அப்படி வைத்து இளைஞர் விழா நடத்தியபோது போட்ட நாற்காலிகளில் பாதி காலியாகக் கிடந்தது. நாற்காலியைக் குறைப்பதா, வயதைக் கூட்டுவதா என்று மூன்று மாதம் ஆலோசித்தார்கள். நாற்காலிகள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டபடியால் வயதைக் கூட்டினார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் அரினுக்கு இருபத்து மூன்று வயது. அதுவும் நிஜமாகவே இருபத்து மூன்று. கடைவீதியில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. வீடு பதினோரு கிலோமீட்டர் தள்ளி, மலை இறக்கத்தில் இருக்கும் சிற்றூரில். மருத்துவமனை மூடுவது ஏழு மணிக்கு. அந்தச் சிற்றூருக்குக் கடைசிப் பேருந்து ஆறு நாற்பதுக்கு. தினமும் யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போதே அரின் மேலங்கியைக் கழற்றிவிட்டு ஓட வேண்டியிருந்தது.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா" என்றார் மருத்துவர். "ஆனா ஏழு மணி வரைக்கும் இருக்கிற ஆள்தான் எனக்கு வேணும். புத்தாண்டுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கோ. இல்லேன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

டவுனிலேயே அறை எடுத்துத் தங்கலாம் என்றால் அப்பாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து அறுவை சிகிச்சை ஆன புதிது. இரவில் தனியாக விட முடியாது. கார் வாங்கும் யோகமும் இல்லை. ஆக, அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பேருந்து. ஏழரைக்கோ எட்டுக்கோ வந்தால் போதும்.

இதை யோசித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றபோதுதான் தலைக்கு மேலே கட்டியிருந்த துணிப் பதாகையைப் படித்தாள். 'இளைஞர் குரலே கோசோலின் குரல்! மாற்றம் உங்கள் கையில்! இளைஞர் ஆலோசனைக் குழுவில் சேருங்கள்!' மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். மனுவை வாங்கிய மக்கள்தொகைப் பிரிவுத் தலைவர் ஓக் பியோங்தே அவள் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

முதல் கூட்டம் மாலை ஐந்தரைக்கு. மருத்துவரிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கிக்கொண்டு போனாள். குழுவில் அவளையும் சேர்த்துப் பதினோரு பேர். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் டிராக்டர் வியாபாரம் செய்யும் மா குவாங்ஷிக் என்கிற இளைஞர், வயது நாற்பத்தெட்டு. அவருடைய மூத்த மகனுக்கும் அரினுக்கும் ஒரே வயது. ஆளுக்கொரு கிம்பாப் சோற்றுச்சுருள் பொட்டலம், இரண்டு ஆரஞ்சு. நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக 'கடைசிப் பேருந்து' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் அரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேசிய கீதம் ஆனது. மாவட்டத் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். மன்றத் தலைவர் வாழ்த்துரை, துணைத் தலைவர் ஊக்கவுரை, விவசாய சங்கத் தலைவர் இரண்டையும் சேர்த்து ஒரே உரை. எல்லோருமே இளைஞர்கள் பேசுவதைக் கேட்கத் தாங்கள் எவ்வளவு ஆவலாக இருக்கிறோம் என்பதைப் பற்றியே பேசினார்கள். பிறகு பதினோரு பேருக்கும் தனித்தனியாக நியமனப் பத்திரம், தனித்தனியாகக் கைகுலுக்கல், தனித்தனியாகப் புகைப்படம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து முஷ்டியை மடக்கி 'ஃபைட்டிங்!' என்று உற்சாக முழக்கம் போட்டபடி ஒரு படம். ஒருவர் கண் மூடிவிட்டதால் அதே படம் மறுபடியும். மணி ஆறு முப்பத்திரண்டு. முதல் பொருளை எடுத்தார்கள். அரின் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடினாள்.

மறுநாள் குழுவின் கைப்பேசி அரட்டையில் நடவடிக்கைக் குறிப்பு வந்தது. 'ஏழாம் பொருள், கடைசிப் பேருந்து: இளைஞர் தரப்பில் கருத்து ஏதும் இல்லை.' அதன் கீழே பத்து பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

"நேத்து ஃபைட்டிங் போட்டியா?" என்றார் அப்பா, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தபடி.

"ரெண்டு தடவை போட்டோம்ப்பா."

"அப்ப பஸ் ரெண்டு வந்துடும்னு சொல்லு."

அடுத்த மாதமும் அதே கதை நடந்ததும் அரின் நேரே ஓக் பியோங்தேயிடம் போனாள்.

"சார், ஏழாவது விஷயத்தை முதல்ல எடுங்க சார்."

"முக்கியமான விஷயத்தைக் கடைசியில வைக்கிறதுதாங்க நம்ம மரபு. முதல்ல வெச்சா அதுக்கு மரியாதை இருக்காது."

"அதுக்குள்ள கடைசி பஸ் போயிடுதே சார்!"

"இருந்து பேச வேண்டியதுதானே?"

"இருந்தா வீட்டுக்கு எப்படிப் போறது? பஸ் இல்லேன்னுதானே பேச வர்றேன்!"

ஓக் பியோங்தே கெட்ட மனிதர் அல்ல. இளைஞர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே துடித்தார். ஏதாவது செய்வதற்கு விதியில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, கூட்டம் நடக்கும் நாட்களில் உறுப்பினர்களை வீடு சேர்க்க அலுவலக வேனை விடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். அதில் பதினோரு பேர் உட்காரலாம்.

மூன்றாவது கூட்டத்தில் அரின் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழு பத்துக்கு ஏழாம் பொருள் வந்தது. எழுந்து, மூன்று மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்த பேச்சைப் பேசினாள். அரங்கமே உருகிப் போயிற்று. உடனடியாக, தேவை இருக்கிறதா என்று கள ஆய்வு நடத்துவதென்று தீர்மானம் ஆனது.

கள ஆய்வை ஓக் பியோங்தே தாமே முன்னின்று நடத்தினார். அடுத்த கூட்டம் முடிந்து வேன் கிளம்பியதும், எட்டு மணிக்கு நிறுத்தத்தில் போய் நின்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணினார். ஒருவரும் இல்லை.

"எட்டு மணிக்குப் பஸ்ஸே இல்லியே சார், யாரு வந்து நிப்பாங்க?" என்றாள் அரின்.

"அதான் நானும் எழுதியிருக்கேன். பஸ் இல்லாத நேரத்துல பஸ்ஸுக்குத் தேவை காணப்படலைன்னு."

"நிக்கிறவங்க எல்லாம் அன்னிக்கு உங்க வேன்ல இருந்தோம் சார்!"

"அதையும் எழுதியிருக்கேன். இளைஞர்கள் வேன் சேவையில் முழுத் திருப்தி." அவர் முகத்தில் கள்ளம் இல்லை. "இன்னொண்ணும் தெரிஞ்சது. அன்னிக்கு ஆறு நாற்பது பஸ்ஸுலயும் கூட்டம் ரொம்பக் குறைச்சல். அதனால அதை அஞ்சு அம்பதுக்கு முன்னாடி கொண்டு வரச் சொல்லி பஸ் கம்பெனிக்குச் சிபாரிசு போயிருக்கு."

இருந்ததும் போயிற்று. அரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். "கூட்டம் இருந்தாத்தான் வேன் வருமா? அப்ப தினம் கூட்டம் போடுங்க சார்! ஏழே காலுக்குப் போடுங்க!"

ஓக் பியோங்தே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இருபத்தேழு வருட உத்தியோகத்தில், தினமும் கூட்டம் வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டு அவர் பார்த்ததில்லை.

மறுவாரமே பதாகை ஏறிவிட்டது. 'நாட்டிலேயே முதன்முறையாக, அன்றாட இளைஞர் ஆலோசனைக் கூட்டம்!' அரின் ஏழு மணி வரை வேலை பார்த்தாள், ஏழே காலுக்கு ஆலோசனை சொன்னாள், எட்டு மணிக்கு வேனில் ஏறினாள். வேலை நிரந்தரம் ஆனது. மருத்துவர் புதுச் செருப்பு ஒரு ஜோடி பரிசளித்தார். ஐந்து ஐம்பது பேருந்தைத் தவறவிட்ட இளைஞர்கள் எல்லாம் மாற்றத்தை உண்டாக்கும் வேட்கையோடு குழுவில் வந்து குவிந்தார்கள். பதினோரு இடம் போதாமல் முறை போட்டு ஆலோசனை சொல்ல வேண்டியதாயிற்று. தினமும் சொல்வதற்கு அத்தனை ஆலோசனை ஏது? அலுவலகத் தண்ணீர்க் குடத்தின் நிறம் பற்றி நான்கு நாள் விவாதம் நடந்தது.

இந்த நிலையில்தான் மாகாண அரசிடமிருந்து கடிதம் வந்தது. எட்டு மணிக்கு ஒரு பேருந்து விடத் தயார், இளைஞர் குழு தேவை என்று சொன்னால் போதும், பேருந்து வந்தால் வேன் நிறுத்தப்படும்.

அன்றைய கூட்டத்தில் ஓக் பியோங்தே அதை வாசித்தார்.

"பஸ் எல்லா ஊரையும் சுத்திட்டுத்தான் போகும்" என்றார் தலைவர் மா குவாங்ஷிக். "அம்பது நிமிஷம். நிறுத்தத்துல இறங்கி வீட்டுக்கு நடக்கணும். வேன் வாசல்லயே விடுது."

"கிம்பாப்பும் தர்றாங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பேருந்து தேவையில்லை என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லேன்னா, கைதட்டி நிறைவேத்திடலாம்" என்றார் தலைவர்.

கைதட்டி நிறைவேற்றுவதில் ஒரு வசதி உண்டு. தட்டாத கை யாருடையது என்று சத்தத்தில் தெரியாது. ஆனால் அரின் தட்டினாள். ஜனவரிக் காற்றில் நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான அந்த இருட்டுச் சாலை ஒரு கணம் மனதில் வந்தது, கை தானாகத் தட்டிவிட்டது. மெதுவாகத்தான் தட்டினாள் என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் அப்பா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரம் மூன்று நாள் அவருக்கு டவுன் ஆஸ்பத்திரியில் இடுப்புப் பயிற்சி. முடிவது ஆறு மணிக்கு. கடைசிப் பேருந்து ஐந்து ஐம்பதுக்கு மாறியதிலிருந்து, தெரிந்த லாரி ஏதாவது வராதா என்று குளிரில் நின்றுகொண்டிருந்த மனிதர் அவர்.

"எட்டு மணி பஸ் வருதாமே? ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க."

"வரல்லப்பா. வேண்டாம்னு தீர்மானம் ஆயிடுச்சு."

"எந்தப் படுபாவி வேண்டாம்னான்?"

அரின் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானாள். புதுச் செருப்பு.

"நீயும் தட்டினியா?"

"எல்லாரும் தட்டினாங்கப்பா."

அப்பா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. விடிந்ததும் ஓக் பியோங்தேயின் முன் போய் நின்றாள்.

"அப்பாவை மட்டும் வேன்ல ஏத்திக்கோங்க சார்."

"இளைஞர் நல வண்டிங்க அது. வயசானவர் ஏறினா தணிக்கையில மாட்டிக்குவேன். அப்பாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

ஓக் பியோங்தே வெகுநேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தெருவில் போனவர்களில் அறுபத்தெட்டுக்குக் குறைந்தவர் தென்படவில்லை. "இந்த மாவட்டத்துக்கு அது ஒண்ணும் பெரிய வயசில்லியே" என்று முணுமுணுத்தார்.

அந்த மாதமே விதி திருத்தப்பட்டது. பத்தொன்பது முதல் எழுபத்தொன்பது வரை இளைஞர். கோசோலின் இளைஞர் தொகை ஒரே நாளில் பல மடங்கு பெருகியது. நாடெங்கும் இளைஞர்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருக்க, கோசோலில் மட்டும் பெருகும் மர்மம் என்ன என்று பார்க்க வேறு மாவட்டங்களிலிருந்து குழு குழுவாக அதிகாரிகள் வந்தார்கள். விருதும் வந்தது. அப்பாவுக்கு நியமனப் பத்திரம் கிடைத்தது. ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது முஷ்டியை மடக்கி 'ஃபைட்டிங்!' என்றார். சத்தம் நன்றாகவே வந்தது. ஊரின் ஒரே டாக்சிக்காரர், வேன் வந்ததால் தொழில் படுத்துப்போய், அவரும் இளைஞராகிவிட்டார்.

விருது விழாவுக்கு மறுநாள். கூட்டம் முடிந்து அலுவலக வாசலில் வேன் நின்றது. அன்று முறை இருந்தவர்கள் பதினோரு பேர். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்துவிட்ட எழுபத்து நான்கு வயது சோ அம்மாவோடு பன்னிரண்டு.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு படம்" என்றார் ஓக் பியோங்தே. "அரின், முன்னாடி நடுவுல நில்லுங்க. முப்பதுக்குக் கீழே ஒரு முகமாவது தெரியணும்னு மேல கேக்கறாங்க."

அரின் முன்னால் நடுவில் நின்றாள். படம் எடுத்து முடித்துத் திரும்பினால் வேனில் அவள் இருக்கையில் சோ அம்மா உட்கார்ந்து சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். வேனுக்குள் இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் அரினைப் பார்த்தார்கள். பெரியவர் நிற்கச் சிறியவர் உட்காருவதா? அப்படி ஒரு வழக்கம் அந்த ஊரில் என்றைக்கும் இருந்ததில்லை. அவளுக்கும் எழுந்து கொடுத்துத்தான் பழக்கம். இன்று எழுவதற்குக்கூட இடம் இல்லை.

"டாக்சி..." என்று ஆரம்பித்தாள். டாக்சிக்காரர் முன்னிருக்கையில் கிம்பாப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சின்னப் பொண்ணு கண்ணு, நடந்துடுவே" என்றார் சோ அம்மா, மிகுந்த வாஞ்சையோடு. "இளரத்தம்!"

கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்த அப்பா ஊன்றுகோலைத் தேடினார். எழப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பேருந்து நிறுத்தத்தைத் தாண்டித்தான் மலைச்சாலை. அங்கே புதிய பதாகை படபடத்துக்கொண்டிருந்தது. 'இளைஞர் பெருகும் கோசோல்!' அதன் கீழே ஒருவரும் நிற்கவில்லை. நின்று பிரயோஜனமும் இல்லை. அரின் காதுத்தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் கைப்பேசி சிணுங்கியது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பு. ஏழாம் பொருளை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுக்க எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். 'கடைசிப் பேருந்து: இளைஞர் தரப்பில் கருத்து ஏதும் இல்லை.' கீழே ஏற்கெனவே பதினோரு கட்டைவிரல்கள். அவற்றில் ஒன்று அப்பாவுடையது. எதற்கு என்று பார்க்காமலே போடுவதற்கு அவரும் பழகியிருந்தார்.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, பழக்கதோஷத்தில் அரினும் ஒரு கட்டைவிரல் போட்டாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மேலே நடந்தாள்.