சினிமாவுக்கு ஜுரம் பார்த்தவர்

சினிமா பார்த்தவர்கள் இந்த நாட்டில் கோடிக் கணக்கில் இருக்கலாம். சினிமாவைப் பரிசோதித்துப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சித்தூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். பெயர் டெம்பரேச்சர் அக்கா. வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேர் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர்கள். படிக்கட்டும்.

இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். கணவரைக் கேட்டேன். "எழுது, ஆனா..." என்று ஆரம்பித்தார். அந்த "ஆனா"வை அவரிடமே விட்டுவிட்டு எழுதுகிறேன்.

திருப்பதிக்கு வருவதற்கு முன்பு நாங்கள் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் இருந்தோம். கணவருக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. ஒரே சுவரில் ஒட்டிய வரிசை வீடுகள். அடுத்த வீடு அக்காவுடையது. பிரசவ வார்டு நர்சு. வயது நாற்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைப் புடவை, இடது தோளில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கடிகாரம். சினிமாவுக்குப் போகும்போதும் அந்தக் கடிகாரம் தோளில் இருக்கும். திரையில் யாராவது சாகக் கிடந்தால் அதைப் பார்த்து நேரம் குறிப்பார்.

"ஏழு நிமிஷமா சாவறான். ஏழு நிமிஷம் கையில இருந்தா எங்க டாக்டரு தையல் போட்டு வீட்டுக்கே அனுப்பியிருப்பாரு."

படம் எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. டெம்பரேச்சர்தான். "நைன்ட்டி நைன். லேசா உடம்பு சூடு, தண்ணி குடிச்சா சரியாப்பூடும்." "ஹண்ட்ரட் அண்ட் டூ. வசனத்துக்கு ஈரத்துணி போடணும்." "ஹண்ட்ரட் அண்ட் த்ரீ. இன்டர்வெல்லுக்கு அப்புறம் பிதற்றல் ஆரம்பிச்சிடுச்சி." நான் அறிந்து, 'நார்மல்' என்று அவர் சான்று கொடுத்தது ஒன்றே ஒன்றுக்கு. அம்மை குத்திக்கொள்ளச் சொல்லிப் படத்துக்கு முன்னால் காட்டிய அரசாங்கத் துண்டுப்படம் அது. அதை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கொட்டகை மேனேஜரிடம் சண்டை பிடித்தார்.

சினிமாப் பிரசவங்கள்தான் அவருக்கு ஜென்ம விரோதி. மூடிய கதவு, மூன்று அலறல், வெந்நீர் வெந்நீர் என்று ஓடும் ஒரு கிழவி, உடனே குழந்தை. "அத்தினி வெந்நீர் எதுக்குடி? காப்பி போடவா?" என்பார். கதவு திறந்து குழந்தையைக் காட்டினால் இன்னும் மோசம். "இதுவா இப்ப பொறந்த புள்ளை? பல்லு கீது பாரு. ரேஷன் கார்டுல பேரு ஏத்தலாம்."

எங்கள் ஊரில் தமிழும் ஓடும், தெலுங்கும் ஓடும். ஒரே கதையை இரண்டு பாஷையிலும் எடுத்தால் அக்கா இரண்டையும் பார்த்தாக வேண்டும். எங்கள் ஊருக்கு வரும்வரை பொறுக்காமல், ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வேலூரில் தமிழ். அடுத்த சனிக்கிழமை திருப்பதியில் தெலுங்கு. அப்படி ஒரு கதாநாயகிக்கு நெஞ்சுவலி. தமிழில் இறந்துபோனாள். தெலுங்கில் கண் விழித்துக் கணவனோடு டூயட் பாடினாள். அக்கா திரும்பி வந்து வாசலில் நின்றபடியே அறிக்கை கொடுத்தார்: "காட்பாடி பக்கம் செத்தவ, பார்டர் தாண்டினா பொழச்சிக்கிறா. அதே வியாதி, அதே மாத்திரை. தண்ணி மாறினதுதான் குணம்!"

ஆனால் கொட்டகையில் படம் அவருக்காக நிற்காது. அந்தக் குறை வீடியோ டெக் வந்ததும் தீர்ந்தது. கம்பவுண்டர் வீட்டில் மகள் பிறந்தநாளுக்கு வாடகை டிவியும் டெக்கும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து படம் போட்டார்கள். கதாநாயகன் நெஞ்சில் குண்டு பட்டு, எழுந்து நின்று பாட ஆரம்பித்தான். அப்போதுதான் அக்கா அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தார். அமுக்கினார். படம் நின்று நடுங்கியது.

"பாரு, படத்துக்கே குளிர்ஜொரம்," என்றவர், ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றார். "இங்க பட்டா இருதயம். இங்க பட்டா லங்ஸ். பாடணும்னா மூச்சு வேணும், மூச்சுக்கு லங்ஸ் வேணும். அப்ப இவனுக்கு எங்க பட்டுச்சி? சட்டை பாக்கெட்ல."

அன்று பதினெட்டு தடவை நிறுத்தினார். வில்லன் பிடிபடுவதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். டெக்காரர் வாசலில் நின்று, "அம்மா, அடுத்த வூட்ல சீமந்தம், கேசட்டுக்குக் காத்துக்கினு கீறாங்க!" என்று கெஞ்சினார். "சீமந்தமா? எத்தினி மாசம்? ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா?" என்று அக்கா அவரையும் விடவில்லை.

படம் எப்படி இருந்தது என்று அக்கா என்னையும் கேட்பார். "நீங்களே சொல்லுங்கக்கா" என்பேன். எதற்கும் எனக்கென்று ஒரு கருத்து கிடையாது. இருந்தாலும் அது தப்பாக இருக்குமோ என்று உடனே தோன்றிவிடும். மகள் பிறந்த பிறகு இது முற்றிவிட்டது. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். வருகிறது என்று தெரிந்ததும், விரல் வைத்ததால் அடைத்திருக்குமோ என்று மறுபடி பார்ப்பேன்.

அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்தவரே அக்காதான். ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் என்று முடிவானதும், "நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்" என்று கேட்டேன். எங்கள் சபையில் குழந்தையைக் கையில் ஏந்தி, அதற்காக ஆண்டவர் முன் வாக்குக் கொடுக்கிற இடம் அது. "எனக்கு அன்னிக்கு டூட்டி இருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலைக்குள் மூன்று நர்சுகளைப் பிடித்து, வருகிற மூன்று வருஷத்துக் கிறிஸ்துமஸ் டூட்டியையும் அடகு வைத்து, ஈஸ்டர் டூட்டியிலிருந்து கழன்றுகொண்டாராம். இது எனக்கு அந்த நர்சுகள் சொல்லித்தான் தெரியும்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

"இன்னாடி பொண்ணே, வூட்லயே குந்திக்கினு புள்ளை மூஞ்சையே பாத்துக்கினு இருந்தா, புள்ளைக்கு ஒண்ணும் வராது, உனக்குத்தான் வரும். கெளம்பு, மேட்னிக்கு."

"லெந்து காலமாச்சேக்கா?"

ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் சபையார் சினிமாவுக்குப் போகக் கூடாது. வெள்ளைக்காரத் துரை காலத்து விதி.

"கதவோரமா ஒக்காந்துக்கலாம்" என்றார் அக்கா. கதவோரமாக உட்கார்ந்தால் பாவம் எப்படிக் குறையும் என்று நான் கேட்கவில்லை. மகளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

படத்தில் ஒரு குழந்தைக்கு ஜுரம் வந்து வலிப்பு கண்டது. தாய் அதைக் கம்பளியில் சுற்றினாள். கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசல் வழியாகவே, டாக்டரைக் கூப்பிடாமல், கோயிலுக்கு ஓடி ஒரு முழுப் பாட்டுப் பாடினாள். பெண்கள் பக்கம் முழுவதும் அழுகை. நானும் அழுதேன். இப்படி ஒரு தாயாக என்னால் இருக்க முடியுமா என்று ஏங்கி அழுதேன்.

மடியில் இருந்த மகளைக் காணோம். பார்த்தால், அவளைத் தூக்கிக்கொண்டு அக்கா பெஞ்சின் மேல் நிற்கிறார்.

"யாரும் இப்பிடிப் பண்ணாதீங்க! ஜொரம்னா கம்பளி சுத்தாதீங்க! சாவி இன்னா பண்ணும்? துணியக் கழட்டுங்க, ஈரத்துணியால தொடைங்க, இப்பிடி ஒருக்களிச்சிப் படுக்க வைங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வாங்க! அப்புறமா எத்தினி பாட்டு வேணும்னாலும் பாடிக்கோங்க!"

தமிழில் சொன்னதையே தெலுங்கிலும் சொன்னார். "கம்பளி கப்பொத்து!" என்று இரண்டு தடவை. விசில் பறந்தது. மேனேஜர் விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில், ஒருக்களித்துப் படுத்த நிலையில், ஜட்டியோடு என் மகளைச் சித்தூரே பார்த்தது. பிறகு, குழந்தையின் தாய் யார் என்று என்னையும் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை சபைக் கமிட்டி எங்களைக் கூப்பிட்டது. பாஸ்டர் ஐயா இளைஞர்; மேஜையைப் பார்த்தபடி இருந்தார். கேட்டதெல்லாம் செக்ரட்டரி ஐயாதான்.

"சிஸ்டர், கொட்டகையில பெஞ்சு மேல ஏறி நின்னீங்களா?"

"நின்னேன். கீழ நின்னா பின்னாடி கீறவங்களுக்குத் தெரியாது."

"லெந்து காலம்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். புள்ளைங்களுக்கு லெந்துலயும் ஜொரம் வருது."

"வாதம் வேணாம் தல்லி, தாயே. வருந்துகிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஞானத்தாயா தாராளமா நில்லுங்க."

"இன்னாத்துக்கு வருந்தணும்? படம் பாத்ததுக்கா, பேசினதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"பாத்ததுக்கு நானே வருந்திக்கினு கீறேன். ஹண்ட்ரட் அண்ட் ஃபோர் அது. பேசினதுக்கு முடியாது. படம் இன்னும் ஓடிக்கினு கீது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அவ கம்பளி சுத்துவா, நானும் போய்ப் பேசுவேன். மறுபடி செய்யப் போறதுக்கு இன்னிக்கு வருந்தினா, ஆண்டவர்கிட்ட பொய் சொன்ன மாதிரி ஆவாதா?"

கமிட்டி முடிவு சொன்னது. வருகிற ஞாயிறு சபைக்கு முன் நான் எழுந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஞானத்தாயாக வேறு யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஞானஸ்நானம் இல்லை.

நான் என்ன செய்தேன்? எப்போதும் செய்வதைத்தான். வேலூரில் இருக்கும் கணவரின் பெரியப்பா மகளுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அக்காவிடமும் போய்ச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு நல்லவதானே?" என்றார்.

"நல்லவதான்க்கா."

"அப்ப சரி."

மறுநாளே ஈஸ்டர் டூட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அதற்கு அடுத்த நாள் தனியாக ஏதோ ஒரு படத்துக்குப் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சி" என்றார்.

டெம்பரேச்சர் சொல்லாமல் அக்கா ஒரு படத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு. கணவர் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "லெந்து காலத்தில் சினிமாவுக்குச் சென்றதற்கு வருந்துகிறேன்." படித்தேன். அது உண்மை. இரண்டாவது வரி: "அங்கே சபைக்கு ஏற்பட்ட அவமானத்துக்கும்..."

நின்றுவிட்டேன். கடைசி பெஞ்சில் அக்கா, டூட்டிப் புடவையில், குருத்தோலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"படம் நல்லா இல்லை" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் நிறுத்த முடியவில்லை. "வலிப்பு வந்த குழந்தையை டாக்டர் வாசல் வழியாவே தூக்கிட்டு ஓடறா, கூப்பிடலை. அதைப் பார்த்து நான் அழுதேன். என் குழந்தைக்கு வந்திருந்தா நானும் அதையேதான் செஞ்சிருப்பேன். அக்கா கத்தினதுனாலதான் எனக்குப் புத்தி வந்தது. அதுல அவமானம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலை. அக்காதான் ஞானத்தாய். விதி ஒத்துக்கலைன்னா, ஒத்துக்கிற வரைக்கும் குழந்தை காத்திருக்கும்."

"அம்மா, இது சாட்சி சொல்ற இடம், விமர்சனம் பண்ற இடமில்ல..." என்று செக்ரட்டரி ஐயா எழுந்தார். அவர் முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அய்ய, படம் எப்பிடி நல்லா இல்லன்னு சொல்றே? தங்கச்சியா வந்த பொண்ணு இன்னா அழகா நடிச்சா!"

சொன்னது செக்ரட்டரி ஐயாவின் சம்சாரம்.

"தங்கச்சி சரிதான், அண்ணன்காரன்தான் சுத்த வேஸ்ட்டு" என்றது பின் வரிசை. "கம்பளி சுத்தனது தப்புதான், ஆனா பாட்டு நல்லா இருந்துச்சி." "க்ளைமாக்ஸ்ல டாக்டரே வரலையே, அத்த யாரும் கேக்கலையே?" இரண்டே நிமிஷத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் அந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தது. அந்த லெந்து காலத்தில் அதைப் பார்க்காதவர்கள் ஆண்கள் பக்கம் மட்டும்தான் என்று நினைத்தேன். அப்போது கம்பவுண்டர், "ஃபைட்டு ரெண்டு ரீல் கட் பண்ணிட்டான்" என்றார்.

பாஸ்டர் ஐயா மேஜை மணியை மூன்று தடவை தட்டினார்.

"செக்ரட்டரி ஐயா," என்றார், "விதிப்படி பார்த்தா ஈஸ்டருக்கு ஞானத்தாயா நிக்க நம்ம சபையில ஆளே தேறாது போலிருக்கே. இருக்கிறவங்களை வெச்சு நடத்துவோமா?"

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைய வெறுந்தலையோட வெச்சிக்கினு அவ்ளோ நேரமா பேசுவே?" என்று திட்டிக்கொண்டே போனார். நர்சுகளிடம் மறுபடி ஈஸ்டரைக் கேட்க நாலாவது கிறிஸ்துமஸும் போயிற்று. நான் வேலூருக்கு இன்னொரு கார்டு எழுதினேன்.

அந்த ஆஸ்பத்திரியில் அக்காவின் கை பட்டுப் பிறந்த குழந்தைகள் எத்தனை ஆயிரமோ. எதையும் அவர் ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. துடைப்பார், சுற்றுவார், "இந்தா, உன்னுது" என்று தாயிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஈஸ்டர் காலையில் ஞானஸ்நானம் முடிந்து, என் மகளை ஏந்தியபடி அவர் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, பழக்கத்தில் நான் கை நீட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிரசங்கம் போயிற்று, காணிக்கை போயிற்று. கடைசிப் பாட்டு முடிகிற வரைக்கும் அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.