துணை இயக்குநர் உயிர்பெற்ற வரலாறு

நகராட்சி இணையதளத்துக்குள் நுழைய இனிக் கடவுச்சொல் வேண்டா என்று மேலிடம் திருவுளம் கொண்டது. 'ஓஆத்' என்னும் புதிய நெறி எழுந்தருளியது. ஊழியர் தம் மின்னஞ்சல் கணக்கைக் காட்டினால், 'இவர் இன்னார்தாம்' என்று அக்கணக்கே சாட்சி சொல்லும். தளத்தின் கதவு திறக்கும். பழைய கடவுச்சொற்கள் அனைத்தும் அன்று காலையிலேயே முத்தியடைந்தன.

கூடவே இன்னொருவரும் முத்தியடைந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மறைந்ததற்காக முந்தைய நாள் தளத்தில் வெளியிட்ட இரங்கல் செய்தியில், பணியிலிருக்கும் துணை இயக்குநரின் பெயரும் படமும் தவறி ஏறிவிட்டன. அதைக் கண்ட மேலிடம், ஆழ்ந்த துயரத்துடன் அவருடைய கணக்கை முடக்கியது.

துணை இயக்குநர் இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன்!"

"எனக்குத் தெரியுதுய்யா. தளத்துக்குத் தெரியணுமே? அஞ்சு மணிக்குப் பதவி உயர்வுப் பட்டியல் போகுது. காலமானவர் பேரை எப்படிச் சேர்க்கிறது?"

கணினிப் பொறியாளர் வரவழைக்கப்பட்டார்.

"கதவு தயார் சார். ஆனா உள்ள போக அனுமதி ஆணை வேணும். தளத்தோட பொறுப்பு அதிகாரிதான் தரணும்."

"யாரு அந்த அதிகாரி?"

"இவர்தான் சார். பாவம், மறைஞ்சிட்டாரே."

"எதிர்லதானேய்யா நிக்கிறேன்!"

"கோவிச்சுக்காதீங்க சார். ஆணை உங்க கணக்கிலேருந்து வரணும். கணக்கைத் திறக்க இரங்கலை எடுக்கணும். இரங்கலை எடுக்க உங்க ஆணை வேணும்."

இயக்குநர் நெடுநேரம் சிந்தித்தார்.

"எதுக்கும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

நின்றார்கள். பழக்கதோஷத்தால் துணை இயக்குநரும் தலைகுனிந்தார்.

நாலரை மணிக்கு அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"ஏங்க, காலையிலேருந்து துக்கம் விசாரிச்சுப் போன் மேல போன். பொறுக்க முடியல. நானே தளத்துக்குள்ள போய் அந்த இரங்கலை எடுத்துட்டேன்."

"நீயா? எப்படிம்மா?"

"'மின்னஞ்சல் வழியே நுழைக'ன்னு இருந்துச்சு. என்னோடதைக் குடுத்தேன், திறந்துக்கிச்சு. வந்ததுதான் வந்தோம்னு உங்களை இயக்குநராவும் ஆக்கிட்டேன்."

இதைக் கேட்ட பொறியாளர் ஓடிப்போய்க் கதவைச் சோதித்தார். வருபவர் யார் என்று கேட்கக் கதவுக்குக் கற்பித்திருந்தார்; உள்ளே அவருக்கு என்ன வேலை என்று கேட்கக் கற்பிக்கவில்லை. காலை முதலே அது உலகத்தார் அனைவருக்கும் திறந்து கிடந்தது. ஆணை வராததால் அலுவலகத்தில் மட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அம்மையார் இதை அண்டை வீட்டிலும் பெருமையோடு சொல்லிவிட்டிருந்தார். பட்டியல் புறப்படுவதற்குள், நகராட்சியை ஆயுள் முழுதும் வைதுவந்த ஊரார் ஒருவர் பாக்கியில்லாமல் இயக்குநராகிவிட்டனர்.

மறுநாள் முதல், "நாளைக்கு வாங்க" என்று சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது. வருவதற்குத்தான் ஊரில் ஆள் இல்லை.