பின்னால் கொக்கி வைத்த கவசம்

சவரி அண்ணே, கோவிச்சுக்கிடாதே. இந்தக் கதையை வெளியாள் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாய். ஆனால் நீயே வேன் நிற்கிற டீக்கடையில் எல்லாம் சொல்லித் திரிந்தாய். இப்போது சொல்ல நீ இல்லை. வீட்டில் நானும் தையல் மிஷினும்தான். மிஷினிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அது சிரிக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட் மட்டும் தைக்கத் தெரிந்தவளிடம் நீங்கள் எதைக் கொடுத்தாலும் அது ஜாக்கெட்டாகத்தான் திரும்பி வரும்.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பிறகு வீட்டில் சவரிமுத்து அண்ணனும் நானும் மட்டும்தான். அண்ணன் திராட்சைப் பெட்டிகளை வேனில் ஏற்றி, குமுளி தாண்டிக் கேரளாவில் இறக்கிவிட்டு வருவான். நான் உத்தமபாளையத்தில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் ஜாக்கெட் தைத்தேன். காலையில் அவன் போன பிறகு கதவைச் சாத்துவேன், சாயந்திரம் நான் வந்து திறப்பேன். இடையில் அந்த வீட்டில் யாரும் பேசியது கிடையாது.

அண்ணனுக்குப் பெண் அமையவில்லை. ஆள் நல்லவன், குடிக்க மாட்டான், ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் நிற்பான். ஆனாலும் வந்தவர்கள் எல்லாம் காபியைக் குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரியவர்கள் இல்லாத வீடு, அதில் கல்யாணம் ஆகாத நாத்தனார் ஒருத்தி என்று பின்னால் சொல்லிவிடுவார்களாம். அதை எனக்கு ஒளிக்காமல் கொண்டுவந்து சொன்னது பக்கத்து வீட்டுச் சேசம்மா சின்னம்மா. (எங்கள் தெருவில் பெண் பார்த்துக் கொடுப்பதும் அவர்தான், மனசை உடைப்பதும் அவர்தான்.) அண்ணனுக்குக் குடும்பம் அமையாததற்கு நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் தவக்காலத்தில் சின்னம்மா ஒரு யோசனையோடு வந்தார். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு பெண், பெயர் ஸ்டெல்லா, அப்பாவுக்குச் சொந்தத்தில் கொஞ்சம் கொடித் தோட்டம். ஆனால் தவக்காலத்தில் பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க வரக் கூடாது. நல்ல காரியம் எல்லாம் ஈஸ்டர் முடிந்துதான். அதனால் பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சிலுவைப் பாதைக்கு வருகிற சாக்கில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று ஏற்பாடு. சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, ஆளைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

எங்கள் ஊரில் சிலுவைப் பாதையை, ஆண்டவர் சிலுவை சுமந்து போய் உயிர் விட்ட கதையை, ஆள்களே வேடம் கட்டி நடிப்பார்கள். கோவில் வாசலில் தொடங்கி, மந்தையைச் சுற்றி, ஓடைக்கரை மேட்டில் முடியும். அதுவரை அண்ணனுக்குக் கூட்டத்தில் நின்று கத்துகிற வேலை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம்தான் ரோமைப் பட்டாளத்துத் தலைவன் வேடம் கிடைத்தது. வசனம் ஒன்றே ஒன்று. ஆண்டவர் உயிர் விட்டதும் சிலுவையை அண்ணாந்து பார்த்து, இவர் சாதாரண ஆள் இல்லை, கடவுளுடைய பிள்ளைதான் என்கிற மாதிரி ஒரு வரி சொல்ல வேண்டும். அண்ணன் அதை வேனில் சொன்னான், குளிக்கும்போது சொன்னான், சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னான்.

கோவில் உடுப்புப் பெட்டியைத் திறந்தால் கவசங்களைக் கரையான் தின்றிருந்தது. பக்கத்து ஊர் ராயப்பன்பட்டியில் இரவல் கேட்கலாம் என்றால் அவர்களுக்கும் அன்றைக்கே வேண்டும். நாடகத்தை நடத்துகிற உபதேசியார் மற்ற வீரர்களுக்கு அட்டையில் வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் விடவில்லை. எங்கள் அண்ணனுக்கு நானே செய்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் ராஜா மாதிரி நின்றால், பெண் வீட்டுக்காரர்கள் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன் என்று ஒரு கணக்கு.

குஷன் கடையில் பஸ் சீட்டுக்குப் போடுகிற ரெக்சினும் பஞ்சு ஷீட்டும் வாங்கினேன். திராட்சைத் தோட்டத்தில் கிடந்த பிளாஸ்டிக் பைப்பை நெடுக்கில் பிளந்து முழங்காலுக்குக் கீழே கட்டிவிட்டேன். பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி இடுப்பைச் சுற்றித் தொங்கவிட்டேன். தலைக்கு ஒரு அலுமினியச் சட்டி, அதன் மேல் கொண்டை மாதிரி சிவப்பு பிரஷ். (அது பாத்ரூம் கழுவுகிற பிரஷ். புதுசுதான், நம்புங்கள்.)

மாட்டிக்கொண்டது மார்புக் கவசத்தில். கோவில் சுவரில் உள்ள படத்தில் அந்தத் தலைவனுக்கு மார்பு நன்றாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். தட்டையான ரெக்சினை எப்படிப் புடைக்க வைப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஜாக்கெட்டில் மார்புக்கு அளவு வர, துணியைக் கிள்ளி மடித்துத் தைப்போமே, அந்த டாட். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று பிடித்தேன். உள்ளே பஞ்சு. முன்பக்கம் படத்தில் உள்ளது மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்பதால், அப்போது கேரளாப் பக்கத்துப் பெண்கள் கேட்டு வாங்குகிற மாடலில் கொக்கியைப் பின்னால் வைத்தேன். மேலே சில்வர் பெயிண்ட்.

எப்படி உனக்குத் தெரியாமல் போச்சு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். அண்ணன் அதைக் கையில் பிடித்து, முகம் பார்த்து, வயிறு பார்த்து, முட்டி பார்த்து, துண்டு துண்டாகத் தன்னைப் பார்த்துக்கொண்டான்.

"நல்லா இருக்கு அமலி. கொஞ்சம் இறுக்குது."

"பட்டாளத்துக்காரன்னா இறுக்கத்தான் செய்யும்" என்றேன். எனக்குப் பட்டாளம் பற்றி என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரே கறுப்புக் கட்டி, நடிப்பவர்களைச் சுற்றி ஆள்கள் பிடித்துக்கொண்டு வருகிற கயிற்றுக்கு வெளியே, கண்ணீரும் பாட்டுமாகக் கோவில் வாசலில் நிற்கிறது. அண்ணன் ஈட்டியோடு வெளியே வந்தான். வெயில் பட்டதும் சில்வர் பெயிண்ட் பளபளத்தது. அப்போதுதான் நான் முழுசாகப் பார்த்தேன். ஐயோ, ஆண்டவரே. என் அண்ணன் கழுத்துக்குக் கீழே நான் தைத்த ஜாக்கெட்டுகளிலேயே நல்ல பிட்டிங்.

பாட்டு ஒரு வரிசையில் நின்றது. பிறகு அடுத்த வரிசையில் நின்றது. முக்காட்டுக்குள் தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நம்பத்தான் ஆசைப்பட்டேன். சேசம்மா சின்னம்மா என் காதுக்குள் கேட்டார்:

"ஏன் புள்ள, ரோமாபுரிப் பட்டாளத்துல பொம்பளையாளயும் சேத்துட்டாகளா?"

"சின்னம்மா, சும்மா இருங்க."

"நான் சும்மாதேன் இருக்கேன். பொண்ணு வீட்டுக்காரவுக அந்தா, கயித்துப் பக்கத்துல நிக்கிறாக. அவுகதேன் பாக்குறாக."

பார்த்தேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கல் மாதிரி நின்றார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், முந்தானையைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் வந்த சம்பந்தமெல்லாம் போனது பத்தாதென்று, இதையும் என் கையாலேயே தைத்து முடித்துவிட்டேன் என்று தெரிந்தது. கூட்டத்தில் யாரும் என் பக்கத்தில் நிற்காதது போல ஒரு தனிமை. அண்ணனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. நெஞ்சை இன்னும் நிமிர்த்தி நடந்தான். பாவி, நிமிர்த்தாமலாவது இருந்திருக்கலாம்.

ஓடைக்கரை மேட்டுக்கு வந்தபோது அண்ணன் முகம் வெளிறியிருந்தது. ரெக்சினுக்குள் காத்துப் போகாது, பஞ்சு வேறு. விரதம் இருந்த வயிறு. எலெக்ட்ரீசியன் அந்தோணி அண்ணன்தான் ஆண்டவர் வேடம், சிலுவையில் ஏறிவிட்டார். கழுத்துப் பக்கத்தில் மைக் கட்டியிருந்தது. அவர் தலையைச் சாய்த்தார். ஊர் அமைதியானது. எங்கள் அண்ணன் வசனம் சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே மரம் மாதிரிச் சாய்ந்தான். சட்டி கழன்று உருண்டது.

உயிர் விட்டவராகத் தொங்கிய அந்தோணி அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது:

"ஏலே, அவனக் கழத்தி விடுங்கடா. மூச்சு முட்டிச் செத்துறப் போறான்."

அட்டைக் கவச வீரர்கள் ஓடிப்போய் அண்ணனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முன்னால் பொத்தான் தேடினார்கள், இல்லை. பக்கத்தில் நாடா தேடினார்கள், இல்லை. உபதேசியார் கவசத்தைத் தலை வழியாக உருவப் பார்த்தார். அதில் அண்ணன் கழுத்துதான் நீண்டது. பெண்கள் பக்கத்திலிருந்து நான் முண்டியடித்துக்கொண்டு கத்தினேன்:

"கொக்கி பின்னாடி இருக்கு!"

ஆம்பிளைகளுக்கு அது புரியவில்லை. (கொக்கிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?) கயிற்றுக்கு அடியில் குனிந்து ஒரு பெண் உள்ளே போனாள். அந்த ஒல்லிப் பெண். தள்ளுங்கண்ணே என்று சொல்லி, என் அண்ணனைக் குப்புறப் புரட்டி, தன் ஜாக்கெட்டைக் கழற்றுகிற பழக்கத்தில் எல்லாக் கொக்கியையும் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டாள். கவசம் இரண்டு பக்கமும் பூட்டு விட்ட கதவு மாதிரித் திறந்தது. யாரோ கொடுத்த சொம்புத் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். எதிரே அவள் முகம். இத்தனை நாள் மனப்பாடம் பண்ணியது தொண்டையில் காத்துக்கிடந்திருக்கிறது. சிலுவையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியை, ஒரு எழுத்துப் பிசகாமல், கணீரென்று அவளைப் பார்த்துச் சொன்னான்.

பங்குச் சாமியார் அங்கியின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பெண்ணின் அப்பா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் தேவலை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். வேறு வீடு பார்த்துக்கொண்டு நான் தனியாகப் போய்விட்டால் இவனுக்கு ஒரு வழி பிறக்கும் என்று கூட நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

"நீ போயிட்டா எனக்கு ஆரு இருக்கா?" என்றான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஓடைப்பட்டிப் பெரியவர் தானே வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"எம்மக ஊருக்கு முன்னால ஒங்க கொக்கியக் கழட்டிப்புட்டா. இனிமே அவள எவன் வந்து கேப்பான்? வேற எங்கனயும் போக மாட்டேன்னும் சொல்லிட்டா."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போகப் பார்த்தேன். பெரியவர் என்னையும் நிற்கச் சொன்னார்.

"இந்தப் புள்ளயும் கூடத்தான இருக்கும்? இருக்கட்டும். அந்த உடுப்பத் தச்ச புள்ள வீட்ல இருந்தா எனக்குப் பொழுது போகும்னு அவதேன் சொன்னா."

என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் நடுவில், என்னையும் சேர்த்துக் கேட்டது அவள் ஒருத்திதான்.

கல்யாணம் முடிந்து, பேச்சில்லாத எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. ஸ்டெல்லா மதினி காபி கொண்டுவந்து வைத்தால் அண்ணன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, அந்த ஒரு வரியைச் சொல்வான். மதினி கரண்டியை ஓங்குவாள். கேரளாப் பக்கம் போனாலும் அவனுக்குக் கொக்கி மாப்பிள்ளை என்றுதான் பெயர். எங்கள் ஊரில் இப்போதும் ஒரு காரியம் எப்படியும் முடியவில்லை என்றால், அட பின்னாடி கொக்கி இருக்கான்னு பாருப்பா என்பார்கள். சொல்கிற பாதிப் பேருக்கு ஏன் என்று தெரியாது.

போன மழைக்காலத்தில் குமுளி மலைப்பாதையில் வேன் கவிழ்ந்தது. அண்ணனோடு போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் மதினியை அவள் அப்பா கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். ரெண்டு பேரில் ஒருத்தி இந்தக் கதையைத் தொடங்குவாள். அண்ணன் கண்ணைத் திறக்கிற இடம் வந்ததும் அங்கேயே நிறுத்திவிடுவோம். பிறகு அவள் சாப்பிட்டியா அமலி என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

எனக்குப் பெரிய ஜெபம் எல்லாம் சொல்ல வராது. இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, ராத்திரி படுக்கும் முன்னால் சவரிமுத்து என்று ஒரு தடவை பெயர் சொல்லி, அவன் ஆத்துமா அமைதியாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்கும்போது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், அவன் சந்தோஷப்படுவான். எங்கள் அண்ணனுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.