சாவி அண்ணையும் ஒத்திகை வீடும்

சுவிட்சர்லாந்தில் வாடகை வீடு கிடைக்காமல் அலைகிற தமிழர் இரண்டு வகை. சாவி அண்ணையைச் சந்திக்காதவர்கள் ஒரு வகை. சந்தித்து, அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தவர்கள் மற்ற வகை. இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்கெல்லாம் வீடு கிடைத்தது என்பதை நான் எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்லத் தயார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எங்கள் ஓல்டன் நகரில் யாருக்கும் தெரியாது. தெருவில் கண்டால் மற்றவர்கள் "சுகமோ?" என்பார்கள். இவர் "சாவி கிடைச்சுதோ?" என்பார். வீடு தேடாதவரிடமும் கேட்பார். ஒரு கல்யாணத்தில் மணமேடையில் இருந்த மாப்பிள்ளையிடமே கேட்டு, பெண் வீட்டாரைக் கலங்கடித்திருக்கிறார்.

சனிக்கிழமை பின்னேரங்களில், ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தமிழ்ச் சங்க மண்டபத்தில் வாடகை வீடு தேடுவோருக்கு இலவச வகுப்பு நடத்துவார். கோடையிலும் கழுத்துப் பட்டி கட்டியிருப்பார். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அதில் ஒரு சாவிகூட எந்தக் கதவையும் திறக்காது. பழைய பொருள் சந்தையில் வாங்கியது. அவரோ ரயிலில் போகும் தூரத்திலுள்ள பாடனில், தங்கை வீட்டில் ஓர் அறையில் இருந்தார். "அண்ணை, நீங்களேன் வீடு எடுக்கேல்லை?" என்று யாராவது கேட்டால், "பல் டொக்டர் தன்ரை பல்லைத் தானே புடுங்குறவரோ?" என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது வேறு வழியில்லாமல். நாங்கள் இருந்த கட்டடத்தை உள்ளோடு இடித்துப் புதுப்பிக்கப் போவதாகவும், செப்டெம்பர் முடிவுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்றும் நிர்வாகம் அறிவித்துவிட்டது. என் மனைவிக்கு மேட்டிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை. விடியற்காலைப் பணிக்கு நடந்துதான் போக வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஊருக்கு வெளியே வீடு எடுத்தால் வேலை போய்விடும். மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வேலையை விடமாட்டன். வேணுமெண்டால் உங்களை விடுறன்."

என்னை விட்டால் நான் எங்கே போவது? ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். மிச்ச நேரத்தில் பத்தி எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் எந்த வீட்டுக்காரரும் எழுந்து நின்று கைகொடுக்க மாட்டார்.

வகுப்பில் மண்டபத்துப் பக்கக் கதவுதான் வீடு. சாவி அண்ணை அதன் முன் கதிரை போட்டு, வீட்டு நிர்வாகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரராக மாறிவிடுவார். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே வீடு கிடைக்காது என்று விளங்கிவிடும். நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு குடும்பமாகப் போய் வீடு பார்க்க வேண்டும்.

முதல் நாளே என் மனைவி நேராகப் போய், "அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார்.

சாவி அண்ணை நெஞ்சில் கைவைத்தார். "ஐயோ பிள்ளை! குசினியை முதல் பாக்கப்படாது! குசினிக்குள்ளை பூந்த உடனை அவனுக்கு மூக்கிலை கறி மணக்கத் தொடங்கீடும். முதல் யன்னல். யன்னலைத் திறந்து மூச்சை இழுங்கோ. காத்து நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ. இந்த நாட்டிலை காத்தைப் புகழ்ந்தவனை ஒருத்தரும் வெறுத்ததில்லை."

"பிறகு?"

"பிறகு கட்டடத்துக்குப் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறைக்கு எங்கடை முறை எந்த நாள் எண்டு கேளுங்கோ. அதைக் கேட்டால் நீங்கள் இஞ்சத்தை ஆள்."

அடுத்தது என் முறை. "உங்கடை பிள்ளை ஏதும் வாத்தியம் பழகுதோ?" என்று நிர்வாகியின் சிரிப்போடு கேட்டார்.

"மிருதங்கம்."

அவர் கண்ணை மூடினார். நீண்ட நேரம் திறக்கவில்லை.

"வீணை எண்டு சொல்லட்டோ அண்ணை?"

"பொய் சொல்லப்படாது!" என்று சீறினார். "மிருதங்கம் எண்டால் மிருதங்கம்தான். ஆனால் எட்டு மணிக்குப் பிறகு அதுக்கு மேலை தலையணை போடுவம் எண்டு நீங்களாச் சொல்லுங்கோ. கேக்க முதல் சொல்லோணும்." பிறகு பழையபடி நிர்வாகியாகி, "மன்னிக்கோணும், வீடு வேறை ஆளுக்குப் போட்டுது" என்றார். அந்த வகுப்பில் அவர் யாருக்குமே வீடு கொடுத்ததில்லை. ஒத்திகையில் தோற்றுப் பழகியவனுக்கு உண்மையில் வலிக்காது என்பது அவர் கொள்கை. எனக்கு இரண்டிலும் வலித்தது.

அவர் சொன்னதில் பாதி பைத்தியக்காரத்தனம். மற்றப் பாதி சத்தியம். வெளியேறச் சொன்னால் உடனே பெட்டி கட்டக்கூடாது, வாடகைத் தகராறு பார்க்கிற சமரச சபைக்குப் போய்த் தவணை கேட்கலாம் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எது எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் மாணவனின் பாடு.

அப்படியிருக்கையில் மனைவியின் வேலையிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு விளம்பரத்தில் வந்தது. தொலைபேசியில் ஓர் இளம்பெண் அழகான ஜெர்மன் மொழியில் நேரம் தந்தாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாங்கள் சப்பாத்தை மினுக்கி, காற்றைப் புகழ ஆயத்தமாகப் போனோம்.

கதவைத் திறந்தவர் மூன்றுமாடியர்.

சாவகச்சேரிக்காரர். பழைய மூன்று மாடி வீடொன்றை வாங்கி, கீழே தான் குடியிருந்து, மேலே வாடகைக்கு விட்டதால் அந்தப் பெயர். தொலைபேசியில் பேசியது அவருடைய மகள். எங்களைக் கண்டதும் அவர் முகம் நனைந்த அப்பளம் போல ஆனது.

"வணக்கம் ஐயா" என்றேன். "கூட்டன் டாக்" என்றார். "நாங்கள் வீடு பாக்க வந்தனாங்கள்" என்றேன். அதற்கும் ஜெர்மனில்தான் பதில். நான் தமிழில் கேட்க, அவர் ஜெர்மனில் சொல்ல, இரண்டு பேர் வேறு வேறு தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். கடைசியில் மனைவி, "ஐயா, உங்களுக்குத் தமிழ் மறந்து போச்சோ?" என்றார்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, குறை நினைக்கப்படாது. நான் எங்கடை ஆக்களுக்கு வீடு குடுக்கிறேல்லை. கறி மணம் சுவருக்குள்ளை ஏறினால் போகாது. மற்றக் குடியிருப்பாளர் முறைப்பாடு செய்வினம்."

அவர் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, கீழ் மாடியிலிருந்து, அவருடைய சொந்தக் குசினியிலிருந்து, கருவாட்டுக் குழம்பின் மணம் ஒவ்வொரு படியாக ஏறி வந்து எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நின்றது.

நடந்ததைச் சொன்னபோது சாவி அண்ணை முதல் தடவையாகக் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். வெள்ளைக்காரர் சொல்லக்கூடிய மறுப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் பாடம் இருந்தது. இதற்கு இல்லை. கடைசியில் சொன்னார்: "பிழை என்னிலைதான் தம்பி. குடியிருக்கிறவைக்கு மட்டும்தானே வகுப்பு வைச்சனான். வீட்டுக்காரருக்கு வைக்கேல்லை."

"வீட்டுக்காரர் வருவினமோ அண்ணை?"

"வகுப்பு எண்டால் வரமாட்டினம்," என்றார். "பிரதம விருந்தினர் எண்டால் வருவினம்."

வந்தார். பிரதம விருந்தினராக அழைத்தும் வராத தமிழனை இந்தக் கண்டத்தில் நான் இன்னும் காணவில்லை. மூன்றுமாடியர் கோட்டு சூட்டோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மங்கல விளக்கேற்றினார். மாலை போட்டோம். பொன்னாடை போர்த்தினோம். வீடு வாங்கி முன்னேறிய விதத்தை அவர் விரிவாகப் பேச, விளக்கு அணையத் தொடங்கியது. பலமாகக் கை தட்டினோம்.

அப்போது சாவி அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைக்கு எங்கடை ஒத்திகையிலை பிரதம விருந்தினரே வீடு தேடுறவரா நடிச்சுக் காட்டி எங்களைக் கௌரவிப்பார்!"

சபை கை தட்டியது. மாலை கழுத்தில் கிடக்கும்போது மறுக்க முடியாது. மூன்றுமாடியர் சிரித்துக்கொண்டே வரிசையின் முன்னால் போய் நின்றார். சாவி அண்ணை கதவின் முன் அமர்ந்து, அந்தச் சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டினார்.

"வீட்டிலை கறி சமைப்பியளோ?"

"அது... சமைக்கிறதுதானே."

"மீன்?"

"இடைக்கிடை."

"கருவாடு?"

மூன்றுமாடியர் வாயைத் திறக்குமுன் முன்வரிசையிலிருந்து அவர் மனைவி பதில் சொன்னார். "இடைக்கிடையோ? கருவாடில்லாட்டிச் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பீடுவார்!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. சாவி அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "மன்னிக்கோணும் ஐயா," என்றார் மெல்ல. "நாங்கள் உங்கடை ஆக்களுக்குக் குடுக்கிறேல்லை."

சிரிப்பு நின்றது. மூன்றுமாடியர் மாலையும் பொன்னாடையுமாக அந்தக் கதவின் முன் நின்றார். அது ஒத்திகைக் கதவு. அதற்குப் பின்னால் இருந்தது துடைப்பம் வைக்கும் அறை. இருந்தும் அவர் முகம் உண்மையாகவே வீடு மறுக்கப்பட்டவர் முகமாக இருந்தது. அவர் மனைவி எழுந்து வந்தார். "இஞ்சாருங்கோ, மூத்தவளைத் தூக்கிக்கொண்டு இப்பிடி எத்தினை வாசல்லை நிண்டனாங்கள்? நான் மறக்கேல்லை."

மூன்றுமாடியர் சாவி அண்ணையைப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார்.

"மிருதங்கம் பழகுற பிள்ளையெண்டு கேள்விப்பட்டன்," என்றார்.

"எட்டு மணிக்குப் பிறகு தலையணை போடுவினம்!" என்று கதிரையிலிருந்து துள்ளியெழுந்து கத்தினார் சாவி அண்ணை.

செப்டெம்பர் கடைசியில் குடிபோனோம். இப்போது மூன்றுமாடியர் வீட்டுக் கருவாடு மேலே வருகிறது. எங்கள் நண்டுக் குழம்பு கீழே போகிறது. முறைப்பாடு ஒன்றுமில்லை. எங்களுக்கு நாலு சாவி தந்தார்; நாங்கள் மூன்று பேர். நாலாவதைச் சாவி அண்ணையிடம் நீட்டினேன். "வீட்டுக்காரரைக் கேளாமல் வெளியாளிட்டைச் சாவி குடுக்கப்படாது" என்று என்னை ஏசினார். "கேட்டிட்டன் அண்ணை" என்றேன். வாங்கித் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். அதில் கதவு திறக்கக்கூடிய சாவி அது ஒன்றுதான்.

ஆனால் இன்றுவரை அதைப் போட்டு அவர் திறந்ததில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்து, பாடனுக்கு ரயில் ஏறுமுன் வருவார். மணியடித்துவிட்டு, கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, வீடு பார்க்க வந்தவர் போல வெளியே நிற்பார். உள்ளே வந்ததும் நேராக யன்னலுக்குப் போய் மூச்சை இழுத்து, "காத்து நல்லாயிருக்கு" என்பார். கண் மட்டும் குசினிப் பக்கம் இருக்கும். நானும் நிர்வாகியின் சிரிப்போடுதான் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கிறேன். ஆனால் வசனத்தை மாற்றிவிட்டேன்.

"வாங்கோ அண்ணை. வீடு உங்களுக்குத்தான்."