அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, மாமா

மதிப்பிற்குரிய இரத்தினசிங்கம் மாமா அவர்களுக்கு,

டண்டினொங்கிலிருந்து மருமகள் சாருகா பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். குறிப்பாக அம்மா நலம். இந்த நிமிடம் குசினியில் உழுந்து அரைத்துக்கொண்டிருக்கிறார். விமானம் இறங்கிப் போனைத் திறந்ததும், டாக்சி பிடிக்க முன்னர் இதை வாசியுங்கள்.

நேற்று, பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அங்கே என்னோடு பொதி கட்டும் மிருணாளினியோடும் அவளுடைய அண்ணன் சுகிர்தனோடும் மூன்று மணி நேரம் காரில் போய், ஓர் அணைந்த எரிமலையின் வாய்க்குள் நட்சத்திரம் பார்க்க இறங்கினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை எங்காவது வரச்சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள் இருவர்தான், மாமா. பாதி வழியில் கல் சறுக்கி மிருணாளினி உருண்டுவிட்டாள். பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. "எரிமலைதான் அணைஞ்சது, நான் இன்னும் அணையேல்லை" என்று பகிடி விட்டவள், கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். உடம்பு நடுங்கியது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை.

"நான் இவளைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். நீ மேலை ஏறி அம்புலன்சுக்கு எடு," என்றார் சுகிர்தன் அண்ணா.

"நானோ?"

"வேறை ஆர், எரிமலையோ?"

தவழ்ந்துதான் விளிம்புக்கு ஏறினேன். சிக்னல் ஒரு கோடு, பற்றரி நான்கு வீதம். தெரியாத ஆளோடு ஆங்கிலத்தில் கதைக்கவேண்டுமே என்று பயந்து, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மாமா இருக்கிறாரே என்று உங்களை அழைத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் அழுகை மட்டும்தான் வந்தது. நம் குடும்பத்தில் நடுச்சாமத்தில் போன் வந்தால் அது ஒரே செய்திதான் என்பதை மறந்துபோனேன். "ஐயோ, அக்காவோ? எப்ப முடிஞ்சது? அழாதை பிள்ளை, முதல் பிளேனிலை வாறன்," என்று வைத்துவிட்டீர்கள்.

மூன்று வீதம். கீழே ஒரு டோர்ச் வெளிச்சம் மட்டும் அசையாமல் இருந்தது. அவசர உதவிக்கான மூன்று பூச்சியங்களை அழுத்தினேன். எடுத்த பெண், சத்தமாகச் சொல், கேட்கவில்லை என்றார். கத்தினேன், மாமா. பள்ளத்தின் அடி வரைக்கும் கேட்டதாம். நான்கு மணிக்கு அம்புலன்ஸ்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணுக்கால் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை.

இது அம்மாவுக்குத் தெரிந்தால் என்னை அந்த இருவரோடும் இனி வாசல் தாண்ட விடமாட்டார். ஆகவே, அக்காவைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் செய்தி சொன்ன லண்டன் யோகா அன்ரியையும் அடக்கிவிடுங்கள். குத்துவிளக்குப் படத்தோடு ஆழ்ந்த அனுதாபம் என் போனுக்கு வந்துவிட்டது.

உங்கள் காலடியிலும் மாமியின் காலடியிலும் ஒரு கல்கூடச் சறுக்காதிருக்க வேண்டும்,
மருமகள் சாருகா.

பி.கு.: இதை அனுப்ப முன்னரே வாசல் மணி அடித்துவிட்டது. காலை வேளையில் பையோடு நிற்கும் உங்களைக் கண்டு அம்மா "ஆர் தம்பி செத்தது?" என்று அலறுகிறார். அம்மாவைக் கண்டு நீங்கள் அலறுகிறீர்கள். யாருக்காக என்று தெரியாமலே இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறீர்கள். எல்லாவற்றையும் அம்மாவிடம் நானே சொல்லப்போகிறேன். இந்தச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும். வருகிறேன்.