வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்

இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பிய வாத்தியாரைவிட ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பிராணி நான்தான்.

2000களின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்க வந்த ஒருவரையும் நான் விடவில்லை. "அவங்ககிட்ட எதையும் நேராச் சொல்லணும் சார். நாம சொல்றத அப்படியே எடுத்துக்குவாங்க!" (அவர்கள் டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.)

என் வகுப்பில் செல்வக்குமார் இருந்தான். ஒட்டன்சத்திரத்துப் பையன். கணக்கில் புலி. ஆனால் இரைச்சல் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவான், பரீட்சையாக இருந்தாலும் சரி. படிப்பை நிறுத்திக் காய்கறி மண்டியில் உட்காரவைக்க அவன் அப்பா தயாராகிவிட்டார். நான் முதல்வரிடம் மன்றாடி, மாதிரித் தேர்வை அவன் தனி அறையில் எழுத அனுமதி வாங்கினேன்.

"இதுல ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சு, பையன் வீட்டுக்குத்தான்" என்றார் முதல்வர்.

மாடியில் கடைசி அறை. செல்வக்குமார் அமைதியாக எழுதி முடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடைத்தாளை வாங்கிக்கொண்டு, "பிரமாதம்ப்பா, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முதல்வர் போன் செய்தார். "செல்வக்குமாரக் காணோம்யா! கூட்டிப்போக வந்த அவங்கப்பா பஸ் ஸ்டாண்டுல தவிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். அங்கே போயாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "பயப்படாதீங்கண்ணே. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குப் புது இடம்னா..." என்று மதுரைப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

அவர் குறுக்கிட்டார். "ஏனுங்க சார், சொன்ன எடத்த விட்டு அவன் நகர மாட்டானுங்க. கடைசியா அவன்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "எப்ப வாரேன்னீங்க?"

அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு விரட்டினேன்.

வாட்ச்மேனை எழுப்பி, பூட்டைத் திறந்து, மாடிக்கு ஓடினோம். இருட்டுக்குள் அதே பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான் செல்வக்குமார். பேனா மூடியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"லேட்டாயிருச்சு சார்" என்றான், கோபமே இல்லாமல்.

அப்பா அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை (தொட்டால் அவனுக்குப் பிடிக்காது). சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் முதல்வர் சொன்னார்: "பையன் சொன்னபடி கேட்டிருக்கான். வீட்டுக்கு அனுப்பறதுன்னா உங்களைத்தான் அனுப்பணும்." தனி அறை அவனுக்கு நிலைத்தது. பட்டமும் வாங்கினான்.

பட்டம் வாங்கிய கையோடு ஒரு கட்டு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கிளம்பும்போது, "போறேன் சார்" என்றான்.

என் மனைவி பதறிப்போனாள். "அய்யய்யோ, போறேன்னு சொல்லக் கூடாதுப்பா. வாரேன்னு சொல்லு!"

"எதுக்கு வரணும்?"

"எதுக்கா? சாப்பிடத்தான்."

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம வா."

"சரி, வாரேன்."

அன்றுவரை என் கதையைச் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரித்தவள் அவள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல மறந்துவிட்டாள்.

செல்வக்குமார் இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறான். காதோரம் நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சோறு வடிக்கும் நேரத்துக்கு எங்கள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். நாங்கள் வெளியூர் போவதென்றால் சனிக்கிழமையே அவனுக்குச் சொல்லியாக வேண்டும். மகள் கேலி செய்கிறாள், மருமகனும் சேர்ந்துகொண்டார். மனைவி அசருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன வெஞ்சனம் வைக்கலாம் என்று அவள் என்னைக் கேட்பதே இல்லை, அவனைத்தான் கேட்கிறாள்.