மல்லிப்பூவுக்காக ஓடிய எஞ்சின்

சட்டமே தெரியாதவனைப் போலீஸ்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சட்டத்தை அரைகுறையாகப் படித்தவன் அவர்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுப்பதில்லை. தானே வாயைத் திறந்து மாட்டிக்கொள்வான். நான் இரண்டாம் ரகம்.

படித்ததும் ஆசைப்பட்டு அல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு அரசு அலுவலகத்தில் டிரைவர் வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. எழுத்துத் தேர்வு முடிந்தது, வண்டி ஓட்டிக் காட்டியும் ஆயிற்று. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சர்க்கார் வண்டியில் ஸ்டியரிங் பிடித்து உட்கார வேண்டும் என்பது அவருக்கு ஆயுள்கால ஆசை. "முருகேசா, விசாரணை முடியற வரைக்கும் ஒரு பெட்டிக்கேஸ்கூட உம்பேர்ல வரப்பிடாது, கேட்டியா" என்று தினமும் காலையில் சாயாவோடு சேர்த்து இதையும் கொடுப்பார்.

அந்தத் தேர்வுக்காக மோட்டார் வாகனச் சட்டத்தை உருப்போட்டிருந்தேன். குடித்துவிட்டு வண்டி 'ஓட்டுவதோ ஓட்ட முயல்வதோ' குற்றம் என்று அதில் இருக்கிறது. ஓட்டுவது புரிந்தது. முயல்வது எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் புரியவில்லை. சாவியைத் தொட்டாலா? சீட்டில் உட்கார்ந்தாலா? மனதுக்குள் நினைத்தாலே போதுமா? தேர்வில் அது கேட்கப்படவில்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் என் தங்கை செல்வியின் கல்யாணம் வந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டு, சாயங்காலம் பஜார் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மண்டபத்தில் வரவேற்பு. வரவேற்புக்கான மாலைகளும் கூடை நிறைய மல்லிப்பூவும் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்திருந்தன. (கொச்சியில் பூ கிடைக்காதா என்று கேட்காதீர்கள். அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான்.) மே மாத வெயில். மண்டபத்து ஃபிரிட்ஜில் பாயசத்துக்கான பால் பாக்கெட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அம்மா யோசித்தாள்.

"சித்தப்பா கார்ல ஏசி இருக்குல்ல? பூவை அதுக்குள்ள வெச்சு ஏசியப் போட்டு விடு."

சித்தப்பாவின் புதுக்கார் அது. பின்சீட்டில் ஈரத்துணி விரித்து மாலைகளைக் கிடத்தினோம். முன்சீட்டில் மல்லிகைக் கூடை. வெயில் படாத இடம் தேடி, எதிரே இருந்த சுக்கு குடோனின் வாசலில் நிழலாக நிறுத்தினேன். குடோன் கதவு சாத்தியிருந்தது. (சாப்பாட்டு நேரத்துக்குச் சாத்தியிருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது?) அரைமணிக்கொரு தரம் போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு.

இதுவரைக்கும் என் பேரில் ஒரு குற்றமும் இல்லை. மத்தியானப் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமா என் தோளில் கைபோட்டு மண்டபத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு டெம்போ, அதற்குள் ஒரு சின்னச் சபை, சபை நடுவில் பிராந்தி. "பொண்ணோட அண்ணன் நீ. நீ தொடலேன்னா எங்களுக்கென்ன மரியாதை?" என்றார். மாப்பிள்ளை வீட்டு மரியாதையைக் காப்பாற்றுவது பெண் வீட்டாரின் கடமை அல்லவா? இரண்டு முறை காப்பாற்றினேன்.

அதன்பிறகு பூவைப் பார்க்கப் போனேன். கார்க் கதவைத் திறந்ததும் ஜில்லென்று மல்லிகை வாசம். வெளியே நிற்க மனம் வருமா? உள்ளே காலியாக இருந்த ஒரே இடம் டிரைவர் சீட். உட்கார்ந்தேன், சீட்டைச் சாய்த்தேன். வண்டியைத்தான் ஓட்டப் போவதில்லையே, இதில் என்ன தப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டபடி தூங்கிப்போனேன்.

கண்ணாடியில் டொக் டொக். விழித்துப் பார்த்தால் காக்கிச்சட்டை. ஒரு எஸ்.ஐ. அவருக்குப் பின்னால் திறந்த குடோன் கதவு, அதற்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு மூட்டை ஏற்றிய லாரி, லாரியின் ஹாரன், நீலச்சட்டை போட்ட சுமைத்தொழிலாளிகள் நாலைந்து பேர். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

"எடோ, வண்டி எடுக்கு" என்றார் எஸ்.ஐ. வண்டியை எடு என்கிறார். (அங்கே பேசியதெல்லாம் மலையாளம்தான். உங்களுக்காகத் தமிழாக்கித் தருகிறேன்.)

வேறு எவனாக இருந்தாலும் "சரி சார்" என்று இரண்டடி முன்னே நகர்த்தியிருப்பான், கதை முடிந்திருக்கும். நான்தான் சட்டம் படித்தவனாயிற்றே. எடுத்தால் குடித்துவிட்டு ஓட்டியவன். எடுக்காவிட்டால் போலீஸ் சொல்லைத் தட்டியவன். அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. எது சின்னக் குற்றம் என்று கணக்குப் போட்டேன்.

"எடுக்க மாட்டேன் சார்."

"என்ன? ஏன்?"

"குடிச்சிருக்கேன் சார்."

ஹாரன் நின்றது. சுமைத்தொழிலாளிகளில் ஒருவர் "சத்தியசந்தன்!" என்று பாராட்டினார்.

எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து ஊதும் கருவியை வரவழைத்தார். ஊதினேன். அது கல்யாண மேளத்துக்குப் போட்டியாகக் கத்தியது.

"குடித்துவிட்டு வண்டி ஓட்டினாயா?"

"இல்ல சார். பந்திக்கு முன்னாடி ஓட்டினேன், அப்போ குடிக்கல. அப்புறம் குடிச்சேன், ஓட்டல."

"ஓட்டப் போகிறாயா?"

"இல்லவே இல்ல சார்."

"பிறகு எஞ்சின் எதற்கு ஓடுகிறது?"

"மல்லிப்பூவுக்கு சார்."

அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பின்சீட்டில் பிணம் மாதிரி துணி விரித்துக் கிடத்தியிருந்த மாலைகளைப் பார்த்தார். பாவம், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "முதலில் எஞ்சினை நிறுத்து" என்றார்.

நிறுத்தக் கை போனது. பாதியில் எனக்கு ஒரு சந்தேகம். பட்டனைத் தொட்டால் வண்டியை இயக்கியதாக ஆகிவிடுமோ? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். "நீங்களே நிறுத்திடுங்க சார். நான் எதையும் தொடமாட்டேன்." எஸ்.ஐ. ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் துழாவினார். முன்கண்ணாடியில் வைப்பர் ஆட ஆரம்பித்தது. இன்னும் துழாவினார். தண்ணீர் பீச்சியடித்தது. நல்ல வெயிலில், நிற்கிற காரில், கையைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, வைப்பர் இரண்டும் 'இல்லை இல்லை' என்று எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

அதற்குள் மண்டபமே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா படியிலிருந்தே கத்தினாள்: "டேய், ஏசிய மட்டும் ஆஃப் பண்ணிடாத! பூ கருகிடும்!" அப்பா ஓடி வந்தார். ஊதும் கருவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "சார், பையனுக்கு வேலை வர்ற நேரம் சார்" என்றார். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தேன். ஏறிய பிராந்தி மொத்தமும் இறங்கிவிட்டது. (கருவிக்கு அது தெரியவில்லை.)

கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எஞ்சின் ஓடினால் ஓட்டியதுதான் என்றார் லாரி டிரைவர். சக்கரம் உருண்டால்தான் ஓட்டியது என்றார் சுமைத்தொழிலாளிகளின் தலைவர். "அப்படியானால் என் வீட்டு ஜெனரேட்டரையும் நான் ஓட்டுகிறேனா?" என்று சாயாக்கடைச் சேட்டன் கேட்டார். அவர் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இவர் பேசும்போது இவர் சொல்வது சரி என்று பட்டது. அவர் பேசும்போது அவர் சொல்வது.

இந்த நேரம் பார்த்து டெம்போ சபையிலிருந்து சித்தப்பா வந்தார். "என் வண்டி சார், நான் எடுக்கறேன்" என்று வீரமாக நடந்து வந்து, கார்க் கதவு என்று நினைத்து லாரியின் கதவைத் திறக்கப் போனார். எஸ்.ஐ. அவரைச் சுட்டிக்காட்டி, "முயற்சி என்றால் இதுதான்!" என்றார். சித்தப்பா வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பிப் போனார்.

"நியூட்ரலில் போடட்டும், நாங்கள் தள்ளிவிடுகிறோம்" என்றார் சுமைத்தொழிலாளிகளின் தலைவர். நல்ல யோசனைதான். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? "இவனே பிடிக்கட்டும்" என்றார் எஸ்.ஐ.

"பிடிக்கிறேன் சார். ஆனா நீங்க சொல்லித்தான் பிடிச்சேன்னு கேஸ்ல எழுதணும்." திமிரில் சொன்னதல்ல, சத்தியமாகப் பயத்தில் சொன்னேன்.

"எறங்குடா எருமை!"

எஸ்.ஐ. அல்ல, செல்வி. கல்யாணப் பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, கைநிறைய மருதாணி. மண்டபத்தில் இருந்த பெரியவர்களில் லைசன்சும் நிதானமும் ஒருசேர இருந்தது அவளுக்கு மட்டும்தான். இறங்கினேன். ஒரு கால் மரத்துப்போயிருந்ததால் நொண்டினேன். அதைப் பார்த்து "நல்லா குடிச்சிருக்கான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். செல்வி கொசுவத்தை இடுக்கிக்கொண்டு ஏறி, வைப்பரை நிறுத்தி, அந்த ஒடுங்கிய சந்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். மணப்பெண்ணுக்காக எஸ்.ஐ.யே நடுவில் நின்று வழி ஒதுக்கிக் கொடுத்தார். லாரி போனது. ஏசி நிற்கவே இல்லை.

என் கேஸ் மட்டும் போகவில்லை. எஸ்.ஐ. ஜீப்பில் சாய்ந்துகொண்டு தான் சொல்லச் சொல்லக் கான்ஸ்டபிளை எழுதவைத்தார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். (பிரதி என்றால் அங்கே குற்றம் சாட்டப்பட்டவன், அதாவது நான்.)

"பிரதி, நின்றுகொண்டிருந்த காரில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவனை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னேன். பிரதி மறுத்தான். மறுத்த காரணம், தான் குடித்திருப்பதாக..."

அங்கே நின்றார். மீசையைத் தடவினார். குடித்தவனை வண்டி ஓட்டச் சொன்னது போலீஸ், மாட்டேன் என்றது பிரதி. இதைக் கோர்ட்டில் படித்தால் கூண்டில் யாரை ஏற்றுவார்கள் என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

"எழுதியதைக் கிழி" என்றார் கான்ஸ்டபிளிடம். என் பக்கம் திரும்பி, "இனி குடித்தால் நடந்து போ. நின்றுகொண்டிருக்கும் எதிலும் ஏறாதே" என்றார். கட்டிலில் ஏறலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. அப்பா என் கையை நசுக்கியதால் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர் அதே எஸ்.ஐ. எங்களைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடமைக்காக அப்பாவிடம், "மகனுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் எஸ்.ஐ.யே பதிலும் சொல்லிக்கொண்டார்: "குடிப்பான். ஆனால் குடித்தால், போலீஸே சொன்னாலும் வண்டி எடுக்க மாட்டான். இதைவிட நல்ல டிரைவரை நான் எங்கே தேடுவேன்?" வேலை கிடைத்தது. அப்பா அன்று அழுதார். நானும்தான்.

ஆனால் வீட்டார் விடுவார்களா? நகர்த்து, எடு, தூக்கு என்று யாரிடம் எதைச் சொன்னாலும், "எடுக்க மாட்டேன் சார், குடிச்சிருக்கேன்" என்பதுதான் எங்கள் வீட்டுப் பதில். அம்மாகூடச் சொல்வாள். போன மாதம் செல்வியின் மகள், எல்.கே.ஜி. படிப்பவள், வகுப்பில் டீச்சர் பையை நகர்த்தி வைக்கச் சொன்னதற்கு எழுந்து நின்று, "எடுக்கில்ல டீச்சர், ஞான் குடிச்சிட்டுண்டு" என்று சொல்லியிருக்கிறாள். பள்ளியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். "உன்னாலதானே வந்தது, நீயே போ" என்று செல்வி என்னைத் துரத்திவிட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் உட்கார்ந்து, பூக்கூடையில் தொடங்கி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார். பிள்ளை தேறிவிட்டாள் என்று நான் எழுந்தபோது, "ஒரு நிமிஷம், முருகேசன். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை" என்றார்.

"என்ன டீச்சர்?"

"அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்டினீர்களா, இல்லையா?"

"அதைத்தான் டீச்சர், நானும் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன்."